அடுப்படியில் நீள விரிப்பு போடலாமா? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடுப்படிக்கு ரன்னர் என்கிற நீள விரிப்பு வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து விரித்த பிறகுதான் தரையைப் பார்க்கிறார்கள். கதவு தட்டுகிறது, ஓரம் சுருள்கிறது, மூன்றாம் மாதம் தூக்கிப் பார்த்தால் பூக்கல் என்கிற ஆத்தங்குடித் தரைக்கல் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. விரிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆத்தங்குடி கல்லில் ஏறிய கறையை அப்படித் தூக்கிப் போட முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் கடைக்குப் போகும் வேலை கடைசியில்தான் வருகிறது. முதலில் தரை, அடுத்து தண்ணீர், அப்புறம் நடை, அடுப்பு, வீட்டு ஆட்கள். இவை எல்லாம் சரி என்றால் மட்டும் அளவும் துணியும். முன்னால் இருக்கும் சோதனைகளுக்குச் செலவே இல்லை. எந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று வந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சோதனைகளுக்கு மொத்தம் ஒரு வாரம் பிடிக்கும்.

1. எதற்காக வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

‘அழகாக இருக்கும்’ என்பது தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. அவற்றில் இரண்டுக்கு ரன்னர் மருந்தே இல்லை.

கால் வலி: கல் தரையில் 2 மணி நேரம் நின்றால் குதிகால் வலிக்கும், உண்மைதான். ஆனால் கால் அங்குலம் கூட இல்லாத ஜமுக்காளம் அந்த வலியைக் குறைக்காது. அதற்கு அரை முதல் முக்கால் அங்குலம் கனமுள்ள, அழுத்தினால் அமுங்கி மீளும் நிற்கும் மேட் வேண்டும். இல்லாவிட்டால் அடுப்படிக்கென்று தனியாக ஒரு ஜோடி மெத்தென்ற ரப்பர் செருப்பு. பல வீடுகளில் செருப்போடு இந்த விஷயம் முடிந்துவிடும்.

வழுக்கல்: தரை வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் அதன் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் விரிப்பு போட்டால் விரிப்பே வழுக்கும், அதுவும் ஆளோடு சேர்ந்து. சீயக்காய்த் தூள் கரைத்த வெந்நீரில் தரையைத் துடைத்து, அப்போதும் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

சில்லிப்பு: மார்கழி, தை விடியற்காலையில் பூக்கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாதவர்களுக்கு விரிப்பு உதவும். வருடத்தில் இரண்டு மாத வேலை இது.

தெறிப்பு: அரிந்த தூள், மாவு, சொட்டும் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து கால் வழியே வீடு முழுக்கப் போவதைத் தடுக்க விரிப்பு உதவும், தவறாமல் துவைக்கிற வீடாக இருந்தால்.

உடைந்த கல்லை மறைப்பது ஐந்தாவது காரணமாக வந்தால், பணத்தைக் கொத்தனாருக்குக் கொடுங்கள். உடைப்பின் மேல் விரிப்பு சரியாகப் படியாது. மறைந்திருக்கும் பள்ளத்தில்தான் கால் பிசகும்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

அளவு நாடா, ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் மூன்று, அட்டைப் பெட்டி ஒட்டும் டேப், ஒரு செம்பு, கொஞ்சம் கல்மாவுக் கோலப்பொடி, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு செங்கல். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும்.

3. தரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வீட்டு அடுப்படியில் ஒரே அறைக்குள் இரண்டு மூன்று வகைத் தரை இருக்கலாம். நடுவில் பூக்கல், தொட்டியடியில் சிமெண்ட், பின்கட்டு வாசலில் கருங்கல். விரிப்பு எதன் மேல் கிடக்கப் போகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடி பூக்கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடிப் பலகை மேல் சட்டம் வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் கொடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைத்த கல். அதனால் அதற்கு நுண்ணிய துளைகள் உண்டு. ஈரத்தையும் எண்ணெயையும் சாயத்தையும் உள்ளே இழுக்கும். புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் எது பட்டாலும் மேல்பரப்பை அரிக்கும். இன்னொன்று, நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறுகிறது. இரண்டு வருடம் ஒரே இடத்தில் விரிப்பைப் போட்டு வைத்தால், சுற்றிலும் பளபளப்பாகவும் அந்த இடம் மட்டும் மங்கலாகவும் நின்றுவிடும்.

சிவப்பு ஆக்சைடு பூசிய தரையும் சிமெண்ட் தரைதான், குணமும் ஏறக்குறைய அதேதான். கடப்பாக்கல் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், எண்ணெய்க் கறை பிடிக்கும். கிரானைட்டும் வெட்ரிஃபைட் டைல்ஸும் ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. அங்கே கவலைப்பட வேண்டியது கறை பற்றி அல்ல, சறுக்குவது பற்றி.

எந்தத் தரை என்று சந்தேகமாக இருந்தால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 5 நிமிடம் பொறுங்கள். சொட்டு முத்தாக அப்படியே நின்றால் இழுக்காத தரை. பரவி, கல் நிறம் கறுத்தால் இழுக்கிற தரை.

4. அடி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் படலம் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணிலிருந்து ஈரம் மெல்ல மெல்ல மேலே வந்து, கல் வழியே காற்றில் போய்க்கொண்டே இருக்கும். வெறும் தரையாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. விரிப்பு போட்டதும் அந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் விரிப்புக்கும் கல்லுக்கும் நடுவில் தங்கும். ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு, காற்றுப் படும் இடமான விரிப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் பூக்கும்.

செய்முறை இது. சோதனைக்கு முதல் நாள் அந்த இடத்தில் தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் தாள் மூன்றையும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று என்று வையுங்கள். நான்கு ஓரத்தையும் இடைவெளியே இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 16 மணி நேரம் குறையாமல் விடுங்கள். மாலை 4 மணிக்கு ஒட்டினால் மறுநாள் காலை 8 மணிக்கு எடுக்கலாம்.

எடுக்கும்போது டேப்பைச் செங்குத்தாக இழுக்காமல், தரையை ஒட்டிப் படுக்கவைத்து மெதுவாக உரியுங்கள். ஆக்சைடு தரையில் வெடுக்கென்று இழுத்தால் மேல் மெருகு டேப்போடு வந்துவிடும். ஒட்டிக்கொண்ட பசையை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் துடைத்தால் போகும்.

தாளின் உள்பக்கம் பனி பூத்தது போல் இருந்தாலோ, தாள் மூடியிருந்த கல் பக்கத்துக் கல்லை விடக் கறுத்திருந்தாலோ அங்கே நிரந்தரமாக விரிப்பு போடக் கூடாது. பேச்சே இல்லை.

சித்திரை வெயிலில் இந்தச் சோதனை செய்துவிட்டு ‘ஈரமே இல்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள்.

5. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

கழுவி விடுகிற அடுப்படியாக இருந்தால் தரைக்கு வாட்டம், அதாவது லேசான சரிவு, இருக்கும். தண்ணீர் ஓட்டையை நோக்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு செம்பு தண்ணீரைத் தொட்டியடியில் ஊற்றிவிட்டு நில்லுங்கள்.

தண்ணீர் போகிற வழியின் குறுக்கே ரன்னர் கிடந்தால் அது அணை கட்டின மாதிரி. மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், விரிப்பின் அடி எந்நேரமும் ஊறிக் கிடக்கும். வாட்டத்தின் போக்கில் நீளமாகக் கிடந்தால் பாதிப்பு குறைவு. தண்ணீர் எங்கும் ஓடாமல் ஒரு பள்ளத்தில் நின்றால், அந்தப் பள்ளத்தை விட்டு விரிப்பு ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

இதோடு சேர்த்து 3 நாள் ஒரு கணக்கு எடுங்கள். ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டி, தரையில் தண்ணீரோ மாவோ குழம்போ சிந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வந்தால் நீள விரிப்பு உங்கள் வீட்டுக்கு ஒத்து வராது. கிரைண்டரில் மாவு அள்ளும் நாள் கட்டாயம் இந்த மூன்று நாளுக்குள் வரட்டும். அன்றுதான் உண்மை தெரியும்.

6. கோலப்பொடியால் விரிப்பை வரைந்து, நடையைக் கவனியுங்கள்

ரன்னர் எங்கே வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அங்கே அதே அளவில் நான்கு கோடு மெல்லிசாக இழுங்கள். 2 அடிக்கு 6 அடி என்று வைத்துக்கொள்வோம். காலையில் இழுத்துவிட்டு, அன்று முழுக்க வழக்கம்போல் சமையுங்கள்.

மாலையில் கோட்டைப் பாருங்கள். எந்தப் பக்கம் அழிந்திருக்கிறதோ, அந்த ஓரத்தைத்தான் கால்கள் கடக்கின்றன. அங்கேதான் விரல் இடிக்கும், அங்கேதான் ஓரம் முதலில் சுருளும். நீளவாட்டில் அழிந்திருந்தால் பரவாயில்லை, நின்று வேலை செய்ததன் அடையாளம் அது. குறுக்கே, அதுவும் நடுவில், பட்டையாக அழிந்திருந்தால் அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது. அதன் மேல் விரிப்பு போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஓரத்தைத் தாண்ட வேண்டும்.

தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு வழி உண்டு: சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, கஞ்சி வடிக்கக் கொண்டுபோகும் வழி. இரண்டு கையிலும் கரித்துணி, முன்னால் பானை, ஆவி முகத்தில் அடிக்கிறது. கீழே பார்க்கவே முடியாது. அந்த நேரத்தில் கால் இடறக் கூடிய ஓரம் அந்தப் பாதையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்கும் கஞ்சி வெறும் தரையில் கொட்டினால் பரவி ஓடிவிடும், காலை விலக்கிக்கொள்ளலாம். துணி விரிப்பில் கொட்டினால் துணி அதை உறிஞ்சி, பாதத்தோடு ஒட்டிச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். புண் ஆழமாவது அதனால்தான்.

கீழே உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தையும் பாருங்கள். அரிவாள்மனையும் தேங்காய் துருவும் பலகையும் கெட்டித் தரையில்தான் ஆடாமல் நிற்கும். விரிப்பின் மேல் வைத்தால் கட்டை ஆடும், கை நழுவும். மீன் அரிகிற இடத்தில் விரிப்பு வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

7. அடுப்படியில் அடுப்பு இருக்கும் பக்கம்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: அடுப்புக்கு நேர் கீழே செயற்கை நூல் விரிப்பு கூடாது. பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விரிப்புகளில் பல பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல். அது 160 டிகிரியைத் தாண்டியதுமே உருக ஆரம்பிக்கும். கந்தரப்பம் சுடும் எண்ணெய் நாலு சொட்டு விழுந்தால் போதும், அந்த இடம் இறுகிக் கருத்து, வெறுங்காலைக் கீறும் முள்ளாகிவிடும். பருத்தி உருகாது. ஆனால் எண்ணெய் ஊறிய பருத்தி தீப்பற்றக் கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

அதனால், பருத்தியாகவே இருந்தாலும் பொரிக்கிற நாளில் விரிப்பை எடுத்துக் கொடியில் போட்டுவிடுங்கள். முறுக்கு, சீடை, மனகோலம், வெள்ளைப் பணியாரம், எதுவானாலும்.

கேஸ் அடுப்பு என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் தரையோடு ஓடினால் அதன் மேல் விரிப்பு மூடக் கூடாது. மூடினால் குழாய் மிதிபடுவதும் தெரியாது, வெடிப்பு விடுவதும் தெரியாது. இரண்டாவது, சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவின் அடியில் இருக்கும் காற்றுத் துளை. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். அது வெளியேற வேண்டிய துளையை விரிப்பின் ஓரம் அடைத்து நிற்கக் கூடாது.

8. வீட்டில் யார் யார் நடக்கிறார்கள்

அப்பத்தாவோ ஆயாவோ கம்பு ஊன்றி, அல்லது வாக்கர் பிடித்து அடுப்படிக்குள் வந்து போகிற வீடு என்றால் விரிப்பு வேண்டாம். வயதானவர்கள் பாதத்தைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்து வைப்பார்கள். கால் அங்குல ஓரமே அவர்களுக்குத் தடைக்கல். கம்பின் நுனி விரிப்பில் ஊன்றினால் விரிப்பு நகரும். இடுப்பு எலும்பு முறிந்தால் அதிலிருந்து எழுந்து வருவது எவ்வளவு பாடு என்பது வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். இதில் சமாதானம் செய்துகொள்ள இடமில்லை.

தவழும் குழந்தை இருந்தால், விரிப்பில் சிந்தியதெல்லாம் அதன் வாய்க்குப் போகும். ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம்.

தரை துடைப்பவர் யார் என்பதும் முக்கியம். வேலைக்கு ஓர் அக்கா வருகிறார் என்றால், தினமும் விரிப்பைத் தூக்கி உதறி, துடைத்து, காய்ந்த பிறகு திரும்பப் போட அவருக்கு முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். கேட்காமல் போட்டால் விரிப்பைச் சுற்றி மட்டும் துடைப்பம் ஓடும். அடியில் சேரும் தூசியும் ஈரமும் கரப்பானுக்கும் பூரானுக்கும் நல்ல இடம். ஓட்டு வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

9. முடிவு

இதுவரை பார்த்ததை வைத்து நாலில் ஒன்று வரும்.

இழுக்காத தரை, அடி ஈரம் இல்லை, மேடைகளுக்கு நடுவில் மூன்றரை அடிக்கு மேல் இடம், கஞ்சி வடிக்கும் வழி குறுக்கிடவில்லை, பெரியவர்கள் நடமாட்டம் இல்லை. இப்படி என்றால் முழு நீள ரன்னர் போடலாம். செட்டிநாட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும்தான் இது பொருந்துகிறது.

பூக்கல் தரை, அடி ஈரம் இல்லை, ஆனால் நடைபாதை நடுவில் குறுக்கிடுகிறது என்றால் நீள விரிப்புக்குப் பதிலாக இரண்டு துண்டு. தொட்டியடியில் 2 அடிக்கு 3 அடி ஒன்று, காய் நறுக்கும் இடத்தில் அதே அளவில் இன்னொன்று. அடுப்படி நடுப்பகுதி வெறும் தரையாகவே இருக்கட்டும். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் சரியான விடை. ஒரு துண்டு நனைந்தால் அதை மட்டும் எடுத்துக் காயப்போடலாம் என்பது கூடுதல் வசதி.

அடி ஈரம் லேசாக இருக்கிறது, சில்லிப்புதான் பிரச்சினை என்றால் மார்கழி, தை மாதங்களில் காலை 5 மணிக்கு விரித்து 9 மணிக்கு எடுத்துவிடும் ஏற்பாடு. கொடியில் தொங்கும் விரிப்பு தரையைக் கெடுக்காது.

ஈரம் நன்றாகவே இருக்கிறது, அல்லது பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் வேண்டாம். செருப்பும், தொட்டியடியில் கை துடைக்க ஒரு துண்டும் போதும்.

10. அளவு எடுப்பது

பூக்கல் தரையில் கல்லை எண்ணியே அளவு சொல்லிவிடலாம், ஒரு கல்லை மட்டும் அளந்து பார்த்துவிட்டு. 8 அங்குலக் கல்லும் உண்டு, 10, 12 அங்குலமும் உண்டு. அதை ஊகித்துவிட்டுக் கடைக்குப் போனால் ஓர் அடி தப்பும்.

அகலத்துக்கு விதி ஒன்றுதான்: மேடை முன்னால் நிற்கும்போது இரண்டு பாதமும் முழுசாக விரிப்பின் மேல் இருக்க வேண்டும். குதிகால் தரையிலும் விரல் விரிப்பிலும் இருந்தால் கணுக்கால் வலிக்கும், ஓரமும் சீக்கிரம் நைந்துபோகும். மேடையின் அடியிலிருந்து 3 அங்குலம் விட்டு விரிப்பு தொடங்கட்டும். 2 அடி அகலம் பெரும்பாலும் போதும். எதிர்ப்பக்கமும் மேடை இருந்தால் அங்கே குறைந்தது 6 அங்குலம் வெறும் தரை வேண்டும், துடைப்பம் போக.

நீளம் வாசல்படிக்கு ஓர் அடி முன்னாலேயே முடியட்டும். வாசலில் திரும்பும் காலில்தான் ஓரம் மாட்டும்.

கனம்: கதவு, கீழ் அலமாரி, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து, அவற்றின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். மிகக் குறைவான அளவில் பாதிதான் விரிப்பின் கனமாக இருக்க வேண்டும். எப்படியும் கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

பருத்தி முதல் இரண்டு துவையலில் சுருங்கும். 6 அடி வேண்டும் என்றால் 3, 4 அங்குலம் கூட்டி வாங்கி, இரண்டு முறை நனைத்துக் காயவைத்த பிறகே ஓரம் தைக்கக் கொடுங்கள்.

11. எந்த விரிப்பு, அடியில் என்ன

அடுப்படிக்கு என் தேர்வு கெட்டியாக நெய்த பருத்தி ஜமுக்காளம்தான். பவானி நெசவு கனமும் உறுதியும் உள்ளது. புரட்டிப் போடலாம், அடித்துத் துவைக்கலாம், ரோமம் இல்லாததால் பருக்கையும் மாவும் உள்ளே சிக்காது. பட்டுப்போல் மினுங்கும் செயற்கை நூல் ஊடாக ஓடுகிற வகையை விட்டுவிட்டு, முழுப் பருத்தியைக் கேட்டு வாங்குங்கள்.

கோரைப்பாய் படுக்கத்தான், ஈரத்தில் கறுத்துவிடும். சணல் நனைந்தால் வலு இழக்கும், நாற்றம் வரும். தேங்காய் நார் பாய் ஈரம் தாங்கும், ஆனால் வெறுங்காலுக்கு முரடு, தூள் உதிரும், தரையின் மெருகைக் கீறும். கரையான் நடமாடும் வீட்டில் நார், கோரை இரண்டையும் தரையில் போட்டு வைப்பதே ஆபத்து.

ஜமுக்காளத்தின் குஞ்சத்தை வெட்டிவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கால்விரலும் மெட்டியும் அதில் மாட்டும், துடைப்பம் அதை இழுக்கும். வெட்டிய ஓரத்தை ஒற்றை மடிப்பாக, தட்டையாக, பருத்தி நூலில் தைக்கச் சொல்லுங்கள். இரட்டை மடிப்பு தடித்து நின்று காலை இடறும்.

சாயச் சோதனை கடையிலேயே செய்யலாம். கைக்குட்டையை நனைத்து, ஒவ்வொரு நிறப் பட்டையிலும் 20 முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த விரிப்பு பூக்கல் தரைக்கு ஆகாது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே தோய்த்த துணியில் உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தாது, ஊறும் தண்ணீரில் தளர்ந்த சாயம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

அடியில் ரப்பர் ஒட்டியே வரும் விரிப்பை வாங்காதீர்கள். சமையல் எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, கடைசியில் பொடிப் பொடியாகத் தரையில் ஒட்டும். தனியாக விற்கும் பிடிமான வலையே மேல், கழுவலாம், மாற்றலாம். அதிலும் பிவிசி நுரை வலை வேண்டாம். அதை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் தரைக்கு இறங்கி மஞ்சள் கட்டம் போடும். இயற்கை ரப்பர் வலை கேளுங்கள். அதிலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, மூலையில் உள்ள கல் மேல் வைத்து, செங்கல்லைப் பாரமாக வைத்து 15 நாள் விட்டுப் பாருங்கள். அடையாளம் விழாவிட்டால் மட்டும் முழுசாகப் போடலாம். வலையை விரிப்பை விட எல்லாப் பக்கமும் 1 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். வெளியே நீட்டினால் தூசி ஒட்டும், ஓரமும் தடிக்கும்.

இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பூக்கல்லிலும் ஆக்சைடிலும் தொடவே வேண்டாம்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கொடியில், ஒன்று தரையில். ஒன்றே ஒன்று இருந்தால் அரைகுறையாகக் காய்ந்ததைத் திரும்ப விரிக்கும் ஆசை வரும்.

12. விரிக்கும் நாள்

சுருட்டி வந்த விரிப்பை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு மணி நேரம் வைத்து, பிறகு தட்டையாகப் பரப்பி, இரண்டு நுனியிலும் மணைப்பலகை வைத்து ஓர் இரவு விடுங்கள். முனை தானாகப் படியும். அடுப்படியில் இல்லாமல் வேறு அறையில் செய்தால் நல்லது.

தரையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். பூக்கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் சொட்டுவிட்டுத் துடைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் அன்று விரிப்பு போடக் கூடாது. ஒரு நாள் கழித்து, உள்ளங்கையால் தடவினால் கையில் பளபளப்பு ஒட்டாதபோது போடலாம். எண்ணெய்த் தரையில் பிடிமான வலை கூடப் பிடிக்காது.

போட்டதும் ஒரு பாதத்தை நடுவில் ஊன்றி, பலமாக முன்னால் தள்ளிப் பாருங்கள். பிறகு ஓரத்தில் நின்று பக்கவாட்டில் தள்ளுங்கள். விரல் அகலம் நகர்ந்தாலும் அது நகர்கிற விரிப்புதான். வலையைக் கழுவிக் காயவைத்து மறுபடி பாருங்கள், தூசிதான் பெரும்பாலும் காரணம். அப்போதும் நகர்ந்தால் விரிக்க வேண்டாம்.

13. தினமும், வாரமும்

காலையில் தூக்கி வெளியே உதறுங்கள். தரையைத் துடைத்து, கல் மேல் உள்ளங்கை வைத்து ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு விரியுங்கள். இரவு வேலை முடிந்ததும் எடுத்துக் கொடியில் போட்டுவிடுங்கள். தரை இரவு முழுக்கக் காற்று வாங்கும், பூச்சியும் அண்டாது. இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

வாரம் ஒருமுறை துவைக்கலாம். எண்ணெய் பட்ட இடத்தில் கடலை மாவைக் கனமாகத் தூவி ஒரு மணி நேரம் விட்டு உதறி, சீயக்காய்த் தூளில் தேய்த்துப் பிறகு சோப்பு. மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். பயந்துபோய் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். மஞ்சளின் இயல்பு அது, காரம் பட்டால் சிவக்கும். அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தது ஒரு நாளில் காயாது. அடை மழை நாட்களில் விரிப்பையே எடுத்து வையுங்கள்.

14. முப்பதாம் நாள் சோதனை

ஒரு மாதம் கழித்து விரிப்பை எடுத்துவிட்டு 3 நாள் தரையை வெறுமையாக விடுங்கள். பகல் வெளிச்சத்தில் தரையோடு கண்ணை வைத்துச் சாய்வாகப் பாருங்கள். நேராக நின்று பார்த்தால் தெரியாது.

ஓரத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அது உப்பு. முதலில் காய்ந்த தேங்காய் நாராலோ மெல்லிய பிரஷாலோ உலர்வாகத் துடைத்து அள்ளிவிடுங்கள். எடுத்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய், மறுபடி பூக்கும். அள்ளிய பிறகு பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்துங்கள். ஆசிட் விட்டால் உப்போடு பூவும் போய்விடும். மூன்று நாளில் திரும்பக் கோடு வந்தால் அந்த இடத்தில் விரிப்பு இனி வேண்டாம்.

எண்ணெய் இறங்கிக் கல் கறுத்திருந்தால் முகப் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ கனமாகக் கொட்டி, ஓர் இரவு வைத்துத் துடைத்தெடுங்கள். ஒரே தடவையில் போகாது, நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். மங்கிய மெருகு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு மாதம் வெறுங்கால் நடமாட்டத்தில் தானாக ஏறும்.

தரை முதல் நாள் இருந்தது போலவே இருந்தால் தொடருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையோடு. ஓரம் நைந்த விரிப்பை அடுப்படியில் வைத்திருக்க வேண்டாம். இரண்டாக வெட்டி, ஓரம் தைத்து, பின்கட்டுக் குழாயடியில் கால்மிதியாகப் போட்டுக்கொள்ளலாம்.